5 லீற்றரும் 8 அங்குலச் சக்கரமும்

(கொஸ்லந்தையில் சாரதிகளும் மாணவர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை இந்த மண்டபத்தில் இருக்கும் யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முந்திய டிசம்பர் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. அதே பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபா. அந்த விலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கும் கிடைக்கவில்லை. ஜூன் 27 முதல் இரண்டு வாரத்துக்கு அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் என்று பெற்றோல் செட்டுகளை மூடினார்கள். அதற்குப் பிறகு கியூஆர் அட்டை வந்தது. ஆட்டோவுக்கு ஒரு வாரத்துக்கு 5 லீற்றர். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்.

அந்த 5 லீற்றர் கொழும்பிலும் 5 லீற்றர்தான், கொஸ்லந்தையிலும் 5 லீற்றர்தான். சமதரையில் ஓடுகிறவனுக்கும், தோட்டத்து மண் பாதையில் ஏறிப் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கும் ஒரே அளவு. அதைப் பங்கிட்டவர்கள் மேட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. அன்றைக்கு நம்முடைய சாரதிகள் ஒவ்வொரு துளியையும் எண்ணினார்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருள விட்டவர்கள் உண்டு. அது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி இருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் என்னிடம் திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வந்தது. "சேர், டயரை மாற்றினால் எண்ணெய் மிச்சமாகுமா?" நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன். என் அப்பா கொழுந்து லொறி ஓட்டியவர். ஆகவே அந்தக் கேள்வி என்னிடம் வந்ததில் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் அன்றைக்கு நின்ற நிலையில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை முழுதாகச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவரின் ஆட்டோவிலிருந்து தொடங்குகிறேன். பெயர் வேண்டாம். வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருப்பார். சீட்டுக்குப் புது உறை, கண்ணாடியில் முருகன் படம், உள்ளே நீல விளக்கு. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், 8 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 10 அங்குல அலோய் சக்கரம் மூன்றும் போட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் முகம் வாடி வந்து நின்றார். "முன்னே 4 லீற்றருக்கு 100 கிலோமீற்றர் ஓடும். இப்போது மீற்றரில் 85தான் காட்டுது சேர். எஞ்சின் ஏதோ பழுது" என்றார். கராஜில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக் மாற்றி, அதற்கும் பணம் போயிருந்தது.

நான் எஞ்சினைத் தொடவில்லை. ஒரு சோக்குக் கட்டி எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குப் போனோம். அங்கேதான் தரை கொஞ்சம் சமம். டயரில் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. வண்டியை மெதுவாகத் தள்ளி, டயர்க் கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி தரையைத் தொடுகிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்தால் ஏறக்குறைய 1 மீற்றர் 46 சென்ரிமீற்றர். பழைய 8 அங்குலச் சக்கரம் போட்ட இன்னொரு ஆட்டோவையும் அதே மாதிரி உருட்டினோம். 1 மீற்றர் 30 சென்ரிமீற்றர்.

வித்தியாசம் 16 சென்ரிமீற்றர். நூற்றுக்குப் பன்னிரண்டு. மீற்றர்ப் பெட்டிக்கு நீங்கள் சக்கரம் மாற்றியது தெரியாது. அது சுற்றுகளை மட்டுந்தான் எண்ணும். ஒரு சுற்றுக்கு 1.30 மீற்றர் என்று தொழிற்சாலையில் சொல்லி அனுப்பியதை இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே அது 85 கிலோமீற்றர் என்று காட்டியபோது அந்தத் தம்பி உண்மையில் ஓடியிருந்தது 95 கிலோமீற்றர். அவர் 15 கிலோமீற்றர் குறைந்துவிட்டது என்று கலங்கினார். குறைந்தது 5 மட்டும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சக்கரம் மாற்றினால் எண்ணெய் இவ்வளவு கூடும், இவ்வளவு குறையும் என்று கடையிலும் ஸ்டாண்டிலும் கேள்விப்படும் கதைகளில் பாதி, மீற்றர் சொன்ன கதை. பெரிய சக்கரம் போட்டவனுக்கு மீற்றர் குறைத்துக் காட்டும். சின்னச் சக்கரம் போட்டவனுக்குக் கூட்டிக் காட்டும், அவன் மிச்சம் பிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படுவான். வாங்க வந்தவனிடம் அந்த மீற்றரைக் காட்டி வண்டியை விற்பான். சோக்குக் கட்டிக்குச் செலவு சொற்பம். அதை முதலில் எடுங்கள்.

சரி, அந்த 5 கிலோமீற்றர் எங்கே போனது? அது மீற்றரின் கதை அல்ல, உண்மையான நட்டம். சக்கரம் பெரிதானால் கியர் எல்லாமே ஒரு படி இறுகிவிடும். முன்பு இரண்டாவது கியரில் ஏறிய மேட்டில் எஞ்சின் திணறும், முதலாவதுக்கு இறங்க வேண்டும். கிளச்சை அரைவாசி பிடித்து இழுக்க வேண்டும். கிளச் வழுக்கும்போது எரிகிற பெற்றோல் வண்டியை நகர்த்துவதில்லை, தட்டைத்தான் சூடாக்குகிறது. கொழும்பிலே காலி வீதியில் நேராக ஓடுகிறவனுக்கு இறுகிய கியர் நன்மையாகக்கூட இருக்கலாம், எஞ்சின் மெதுவாகச் சுற்றும். பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஏறுகிறவனுக்கு அது தண்டனை. ஆகவே வேறு ஊரில் எவனோ இப்படிச் செய்து மிச்சம் பிடித்தான் என்று கேட்டால், அந்த ஊரில் மேடு உண்டா என்று கேளுங்கள்.

கார் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கச் சுவரில் 155/65 ஆர் 14 என்று எழுதியிருக்கும். 155 என்பது அகலம் மில்லிமீற்றரில். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. 14 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இதைக் கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 557 மில்லிமீற்றர் வரும். அதைக் கழற்றி 165/60 ஆர் 15 போட்டால் 579. நூற்றுக்கு 4 கூடிவிடும். பிள்ளைகளே, உங்கள் எட்டாம் வகுப்புக் கணக்கு இது. அப்பாவுக்குப் போட்டுக் கொடுங்கள்.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். டயர் ஏன் எண்ணெய் தின்கிறது?

என் அப்பா லொறியை நிறுத்தியதும் செய்கிற முதல் வேலை, இறங்கி ஆறு டயரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. சின்ன வயதில் அவர் வண்டியைத் தட்டிக் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். சூடு பார்த்திருக்கிறார். மற்றவற்றைவிட ஒன்று அதிகமாகச் சுட்டால் அதில் காற்றுக் குறைவு என்று அவருக்குத் தெரியும். பௌதிகப் புத்தகம் எதையும் அவர் கண்டதில்லை. அந்தச் சூடுதான் நம்முடைய கேள்விக்கு விடை.

டயர் தரையைத் தொடுகிற இடத்தில் நசுங்குகிறது, விட்டதும் நிமிர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதையும் இறப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை உள்ளே வைத்துக்கொண்டு சூடாக்கிவிடுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் மடிப்புச் சுடுமல்லவா, அதேதான். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நீங்கள் செட்டில் அடித்த பெற்றோலிலிருந்து.

இதையே மாற்றிப் பாருங்கள். நசுங்காத சக்கரம் இருந்தால் நட்டமும் இருக்காது. பதுளைக்குப் போகிற ரயில் அப்படித்தான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம். ஒரு தொன் பாரத்தை உருட்ட கார் டயருக்கு வேண்டிய இழுவையில் ஐந்தில் ஒன்றோ பத்தில் ஒன்றோ போதும். 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த அந்தப் பாதையை வெட்டியவர்களில் நம்முடைய பாட்டன்மாரும் உண்டு. ஆனால் இரும்பு நசுங்காது, கல்லையும் குழியையும் தாங்காது. மழையில் மேட்டைக் கவ்விப் பிடிக்காது. அதனால்தான் தோட்டத்துப் பாதைக்கு இறப்பர் வேண்டும்.

காற்றடைத்த டயர் புழக்கத்துக்கு வந்த கதை ஆட்டோக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய கதை. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் போய்ட் டன்லொப், தன் மகனின் சைக்கிளுக்காகத்தான் அதைச் செய்தார். அது மூன்று சக்கரச் சைக்கிள். அவர் செய்த சோதனை நம் பெரட்டுக் களத்துச் சோதனை மாதிரியே எளியது. காற்றுக் குழாய் சுற்றிய ஒரு சக்கரத்தையும், கெட்டி இறப்பர் போட்ட பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். காற்று அடைத்தது வெகுதூரம் ஓடியது. கரடுமுரடான தரையில் கல்லை டயர் விழுங்கிக்கொண்டது, சக்கரம் துள்ளவில்லை. எண்ணெய்ச் சிக்கனத்தைப் பற்றிய முதல் டயர்ச் சோதனை என்று அதைத்தான் நான் சொல்வேன், அந்தச் சைக்கிளுக்கு எண்ணெய் பிள்ளையின் காலாக இருந்தாலும்.

அதற்கு 12 ஆண்டுக்கு முன்னேயே, 1876இல், பிரேசிலிலிருந்து எடுத்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்த இறப்பர் கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் வந்து இறங்கிவிட்டன. இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கன்றுகள். ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அவைதான் தாய். தேயிலைக்கும் இறப்பருக்கும் கூலியாகக் கொண்டுவரப்பட்ட சனம் நாம். உலகம் உருள்வதற்குப் பால் வெட்டியவர்களில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். டயரைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி எவ்வளவு எண்ணெய் என்று பார்ப்போம். சாதாரணமாக ஓடும் காரில் எரிகிற எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயரின் நசுங்கலுக்குப் போகிறது. பாரம் ஏற்றிய பெரிய லொறியில் மூன்றில் ஒரு பங்கு வரை. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு டயருக்குப் போகிறது என்றால், டயரை மாற்றி ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கலாம் என்று அர்த்தம் அல்ல. டயரின் இழுவையை நூற்றுக்குப் பத்துக் குறைத்தால் எண்ணெய் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் குறையும். இந்த டயரைப் போட்டால் நூற்றுக்கு இருபது மிச்சம் என்று எவர் சொன்னாலும் அவரிடம் வாங்காதீர்கள்.

இதில் மலைநாட்டுக்காரன் தனியாகப் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சமதரைக்காரர்கள் எழுதிய எந்தக் குறிப்பிலும் நான் கண்டதில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வெல்லவாயவிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறுகிறோம். வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். ஆக 1,200 மீற்றர் ஏற்றம். தியலும நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர். ஐந்து தியலுமவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதற்கும் மேலே ஏறுகிறோம். ஆட்டோவும் சாரதியும் மூன்று பேரும் சேர்ந்து 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் பெற்றோலின் சக்தியில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும், மிச்சம் சூடாகவும் புகையாகவும் போகும். இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் பாரத்தைத் தூக்குவதற்கு மட்டும் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவான பெற்றோல் வேண்டும். தூரம் 40 கிலோமீற்றர் என்று கொண்டால், டயர் நசுங்கலுக்குப் போவது அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவு.

மிக நல்ல டயர் போட்டு, காற்றும் சரியாக அடித்து, அந்த இழுவையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டீர்கள் என்று வைப்போம். உங்களுக்கு மிச்சம் 100 மில்லிலீற்றருக்கும் குறைவு. ஒரு சின்ன பிளேன்ரீக் கிளாஸ். பின்னால் ஏற்றியிருக்கும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை இறக்கி வைத்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு மிச்சம் வரும்.

திரும்பி இறங்கும்போது இன்னொன்று நடக்கிறது. இறக்கம் தானே வண்டியைத் தள்ளுகிறது. டயருக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டும் அதைப் போல ஒரு மடங்கு மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை நீங்கள் பிரேக்கிலும் எஞ்சினிலும்தான் அடக்கி வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் இலேசாக உருளும் டயர் எண்ணெய் மிச்சம் பிடிக்காது. பிரேக்குக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுக்கும், அவ்வளவே. ஆக, டயரால் வரும் மிச்சம் நமக்கு ஏற்றத்தில் கொஞ்சம், இறக்கத்தில் ஒன்றுமில்லை. சமதரைக்காரனுக்குப் போக வர இரண்டு வழியிலும் கிடைக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொன்னேன் என்றால், இனிச் சொல்லப்போவது அதைப் பொறுத்தது.

மொட்டை டயர் எண்ணெயை மிச்சம் பிடிக்கும். ஆம், உண்மை. விஞ்ஞான ஆசிரியன் பொய் சொல்லக் கூடாது. டயரின் நட்டத்தில் பெரும் பங்கு தரையைத் தொடும் அந்தத் தடித்த இறப்பரில்தான். அது தேயத் தேய நசுங்குவதற்கு இறப்பர் குறைகிறது, இழுவை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். அதனால்தான் புது டயர் போட்டதும் "வண்டி எண்ணெய் குடிக்குது" என்று சாரதிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. புது டயர் கொஞ்சம் கூடக் குடிக்கும். தேய்ந்து வரும்போது அது குறையும். 2022இல் டயர் விலையும் தாங்க முடியாத அளவு ஏறியிருந்தது, எண்ணெயும் இல்லை. மொட்டை டயரோடு ஓடியவன் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்ததாக நினைத்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டான்.

ஆனால் இந்தப் பாதையை எண்ணிப் பாருங்கள். பெரகலையில் தொடங்கிக் கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் நம்முடைய ஏ4 பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. ஒக்டோபர், நவம்பர் மழை என்றால் என்ன என்று இந்த ஊருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் எல்லோரும் கண்டோம். அந்த மாதங்களில் மலையிலிருந்து சேறும் தண்ணீரும் தார் மேல் வழிந்துகொண்டே இருக்கும். டயரில் இருக்கும் பள்ளங்கள் அந்தத் தண்ணீரைப் பக்கத்துக்கு வெட்டித் தள்ளுவதற்காக இருக்கின்றன. பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர் போக வழியில்லை. டயர் தரையைத் தொடாமல் தண்ணீரின் மேல் நிற்கும். பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

ஏற்றத்தில் ஒரு பிளேன்ரீக் கிளாஸ் பெற்றோல். அதற்காக அந்த வளைவில், பின்னால் நான்கு பாடசாலைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மொட்டை டயரோடு ஓடலாமா? பெரிய டயர்களின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். 1.6 மில்லிமீற்றர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த டயரில் ஓடுவது எண்ணெய்ச் சிக்கனம் அல்ல. தயவு செய்து அதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

அப்படியானால் பிடிப்பும் வேண்டும், மிச்சமும் வேண்டும் என்றால் வழியே இல்லையா? இருக்கிறது. நீண்ட காலம் டயர் செய்கிறவர்களுக்கும் இதுதான் தலைவலி. இறப்பரை இலேசாக உருளும்படி செய்தால் ஈரத்தில் வழுக்கும், வழுக்காமல் செய்தால் எண்ணெய் தின்னும். கறுப்புக் கரித்தூள் கலக்கிற இறப்பரில் அந்தக் கரித்தூளில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருளை மிக நுண்மையாக்கிக் கலந்தபோது இரண்டும் ஓரளவு ஒன்றாக வந்தன. பிரான்சின் மிச்சலின் நிறுவனம் 1992இல் அப்படிப்பட்ட டயரை விற்கத் தொடங்கியது. இன்றைக்கு மற்றவர்களும் செய்கிறார்கள். ஐரோப்பாவில் 2012 நவம்பரிலிருந்து கார், வேன்களின் புது டயர்களில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம். அதில் எண்ணெய்ச் சிக்கனத்துக்கு ஓர் எழுத்து, ஈரத் தரைப் பிடிப்புக்கு ஓர் எழுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். கார், வேன் வைத்திருப்பவர்கள் கடையில் அந்தச் சீட்டைக் கண்டால் நம் ஊருக்கு இரண்டாவது எழுத்தை முதலில் பாருங்கள். முதலாவதைப் பிறகு பாருங்கள். ஆட்டோவின் 8 அங்குல டயருக்கு அப்படிச் சீட்டு வருவதில்லை. அங்கே கடைக்காரரின் நேர்மையும் உங்கள் கண்ணும்தான் சீட்டு.

அலோய் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அலோய் என்றாலே இலேசு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதே அளவில் நல்லதாகச் செய்தால் இலேசாக இருக்கும். அளவைப் பெரிதாக்கினால் சக்கரத்தின் பாரம் கூடும், அந்தப் பாரம் நடுவிலிருந்து வெளியே தள்ளி நிற்கும். சுற்றுகிற சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோவை ஒவ்வொரு முறை நின்று எடுக்கும்போதும் முன்னுக்கும் தள்ள வேண்டும், சுற்றவும் வேண்டும். ஏறத்தாழ இரண்டு கிலோவுக்கான வேலை. 2010இல் அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் ஒரே வொக்ஸ்வாகன் கொல்ஃப் காரில் 15 அங்குலத்திலிருந்து 19 அங்குலம் வரை ஐந்து அளவுச் சக்கரங்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தது. 15 அங்குலத்தில் லீற்றருக்கு 9.9 கிலோமீற்றர் ஓடிய கார், 19 அங்குலத்தில் 9 கிலோமீற்றர்தான் ஓடியது. அந்தத் தம்பியின் 10 அங்குலச் சக்கரத்துக்கும் இந்தக் கணக்கில் ஒரு பங்கு உண்டு. கொண்டையூசி வளைவு, கொழுந்து மடுவம், பஸ் ஸ்டாண்ட் என்று பத்து இடத்தில் நின்று எடுக்கிற வண்டி நம்முடையது.

மிச்சமிருப்பது காற்று. காசில்லாமல் கிடைப்பது அது ஒன்றுதான், நாம் கவனிக்காததும் அது ஒன்றுதான்.

அளவுக்கு மேல் காற்று அடித்தால் எண்ணெய் மிச்சம் என்று சிலர் கல் மாதிரி அடித்து வைக்கிறார்கள். நல்ல காப்பெட் ரோட்டில் அது கொஞ்சம் உண்மை. தோட்டத்துக் கல் பாதையில் உண்மை அல்ல. டன்லொப்பின் முற்றத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டிச் சக்கரம் ஏன் தோற்றது? கல்லை விழுங்க முடியாமல் துள்ளியதால். துள்ளும்போது வண்டியின் முன்னோக்கிய சக்தி மேலும் கீழுமாகச் சிதறுகிறது. பிடிப்பும் குறைகிறது. டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. குறைத்து அடித்தாலோ இரண்டு ஓரமும் தேயும், பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சுடும், இறக்கத்தில் வண்டி அசையும். காரில் நான்கு டயரிலும் காற்றழுத்தம் ஒரு பீ.எஸ்.ஐ. குறைந்தால் எண்ணெய் நட்டம் நூற்றுக்கு 0.2 அளவுதான். ஆறு குறைந்தால் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் ஒரு வருடம் ஓட வேண்டிய டயர் எட்டு மாதத்தில் ஓரம் தேய்ந்து போனால் அந்தப் பணத்தை எந்த எண்ணெய்க் கணக்கிலும் ஈடு கட்ட முடியாது.

வெல்லவாயவில் வெயிலில் காற்று அடித்துக்கொண்டு ஹப்புத்தளைக்கு ஏறினால் காற்று என்னவாகும் என்று ஒரு லொறிச் சாரதி அண்ணன் என்னிடம் கேட்டார். அருமையான கேள்வி. 1,200 மீற்றர் ஏறும்போது வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் குறைகிறது. உள்ளே அடைத்த காற்று அப்படியே இருக்கிறது. ஆகவே அளந்து பார்த்தால் ஏறத்தாழ இரண்டு பீ.எஸ்.ஐ. கூடித் தெரியும். ஆனால் மேலே குளிர். 1,200 மீற்றருக்கு எட்டுப் பாகை அளவில் வெப்பம் குறையும், அதனால் கார் டயரில் ஒன்றுக்குச் சற்று மேல் குறையும். கூட்டிக் கழித்தால் ஒன்றுக்கும் குறைவான வித்தியாசம். மலை தானே சரிபார்த்துக்கொள்கிறது. ஆகவே ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றைத் திறந்துவிட வேண்டாம். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, வாரத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதும். ஓடிச் சுட்ட டயரில் அளந்துவிட்டு, கூடியிருக்கிறது என்று காற்றைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் அந்த டயர் பசித்த வயிறு மாதிரி ஒட்டிக் கிடக்கும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை ஸ்டாண்டில் கேட்க வேண்டாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் ஆள் ஏற்றினால் இவ்வளவு, தனியாகப் போனால் இவ்வளவு, முன் சக்கரத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும்.

வீல் அலைன்மென்டைப் பற்றிக் கேட்டு ஒரு துண்டு வந்திருக்கிறது. இந்தப் பாதையில் குழிக்குள் விழாத வண்டி இல்லை. விழுந்து விழுந்து முன் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று கோணினால், இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போகப் பார்க்கும். ஒன்றையொன்று தரையில் இழுத்துத் தேய்க்கும். டயரின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம் மாதிரியும் இருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது. ரீபில்ட் டயர் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல இடத்தில் செய்தால் லொறியின் பின் சக்கரங்களுக்குப் போடலாம். முன் சக்கரத்துக்கு என் அப்பா ஒருநாளும் போட்டதில்லை, நானும் போடச் சொல்ல மாட்டேன்.

அந்தத் தம்பி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பழைய 8 அங்குலச் சக்கரங்களை வீட்டு மச்சில்தான் வைத்திருந்தார். ரிம்மைச் சுத்தம் செய்து, வெள்ளி நிறத்தில் சாயம் அடித்து, புது டயரோடு மூன்றையும் திரும்பப் பூட்டினார். மறுபடி 4 லீற்றருக்கு 98, 99 என்று மீற்றர் காட்டியது. புது டயர் கொஞ்சம் குடிக்கும் என்று சொன்னேனே, அந்த ஒன்றிரண்டு அதுதான். இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார், பின் வரிசையில்.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது போலிருக்கிறது. வெளியே சுவர் ஓரத்தில் காற்று அளக்கிற கருவி ஒன்றும், கால் பம்பும், ஒரு பெட்டி சோக்கும் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது, டயரெல்லாம் ஆறியிருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆட்டோவிலிருந்து தொடங்குவோம். அது யாருடையது?